கரையில் நின்ற சைக்கிள்

ரோட்டோரம் ஒரு சைக்கிள் தனியாக நின்றால் அங்கிளால் அதைக் கடந்து போக முடியாது. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். வண்டிக்குள் பின்னால் கட்டிலில் சாய்ந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து உட்காருவார்கள். அடுப்பின் மேலிருந்த கேத்தல் உருண்டு கீழே விழும். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவரோ கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து, அந்தச் சைக்கிளை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"பாவம் மகள். ஆருமில்லாம நிக்குது."

"அது சைக்கிள் அங்கிள். மனிசன் இல்ல."

"மனிசனெண்டா வாய் இருக்கு, கேட்டு ஏறுவான். இது என்ன செய்யும் சொல்லுங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அது வண்டியில் ஏறியிருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வீடு நாவற்குடா. மட்டக்களப்பு வாவியைச் சுற்றிச் சைக்கிளில் போக ஆசைப்பட்டு வரும் வெளிநாட்டுக்காரருக்கு வழிகாட்டுவதுதான் வேலை. காலையில் கொஞ்ச தூரம் சைக்கிளில், வெயில் ஏறியதும் வண்டியில், பின்னேரம் திரும்பவும் சைக்கிளில் என்று மூன்று நாள் பயணம். எங்கள் முதலாளி ஒரு பழைய சின்ன பஸ்ஸின் ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு அதை ஒரு வீடாக்கியிருந்தார். இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மடக்கு மேசை, கதவு ஒழுங்காகப் பூட்டாத ஒரு கழிவறை. ஊர்ச்சனம் அதற்கு வீட்டு வண்டி என்று பெயர் வைத்தது. வண்டியின் முதுகில் ஆறு சைக்கிள் மாட்ட ஒரு இரும்புத் தாங்கி இருந்தது. அந்த வண்டியை ஓட்டியவர்தான் அங்கிள். நகரத்துப் பறங்கியர் குடும்பத்து மனிதர். அறுபதைத் தாண்டியிருந்தார். எந்த வெயிலிலும் சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். கால்சட்டையில் அயன் மடிப்பு அப்படியே நிற்கும். அந்த உடுப்போடுதான் சேற்றுச் சைக்கிள்களைத் தூக்குவார்.

நான் நேரத்துக்கு ஆள். ஏழு மணியென்றால் எனக்கு ஏழு மணி. ஏழு பத்துக்கு நான் பொறுமை இழந்திருப்பேன், ஏழே காலுக்கு வாய் திறந்திருப்பேன். அங்கிளோடு இரண்டு வருடம் வேலை செய்ததில் நாங்கள் ஒரு இடத்துக்கும் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை.

சைக்கிள் கட்டுவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றின் கைபிடி இந்தப் பக்கம் என்றால் அடுத்ததன் கைபிடி அந்தப் பக்கம். ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிக்குள் போகாமல் இடையில் பழைய மெத்தைத் துண்டு. கயிறு பிடிக்காது அவருக்கு. பழுதான டியூப்பை நீளமாக வெட்டி வைத்திருப்பார். அந்த றப்பர்ப் பட்டியால் இறுக்கினால் குண்டு குழியில் வண்டி எவ்வளவு குதித்தாலும் சைக்கிள் அசையாது. முன்சக்கரம் காற்றுக்குச் சுற்றாமல் அதையும் தனியாகக் கட்டுவார். கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்ப்பார். வண்டிதான் ஆடும்.

ஆறுக்குச் செய்த தாங்கியில் அவர் ஒன்பது ஏற்றுவார். எங்கள் நான்கு போக மிச்சமெல்லாம் ஊர்ச் சொத்து. காற்றுப் போனது, செயின் அறுந்தது, ஓடி ஓடி இளைத்துப்போன பள்ளிக்கூடப் பிள்ளையுடையது.

ஒருமுறை தன்னாமுனையில் ஒரு மீன் வியாபாரியைச் சைக்கிளோடு ஏற்றினார். செயின் இரண்டு துண்டு. பெட்டி நிறைய மீன். சைக்கிள் வெளியே தொங்கியது, பெட்டி உள்ளே வந்துவிட்டது. அன்று வண்டியில் வந்த பிரான்ஸ்காரி மூக்கில் துணியை வைத்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தாள். எனக்கு மானம் போனது. அங்கிள் கொஞ்சமும் அசரவில்லை. வழியில் ஒரு நிழலில் நிறுத்தி, வியாபாரியிடம் நாலு மீன் வாங்கி, காஸ் அடுப்பில் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பொரித்தார். பிரான்ஸ்காரி விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். போகும்போது அங்கிளைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எனக்குக் கை கூடத் தரவில்லை.

ஒன்பது சைக்கிள் ஏறினால் பின்னாலிருக்கும் இலக்கத் தகடு மறைந்துவிடும். அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. ஒரு காட்போட் மட்டையில் கரித்துண்டால் இலக்கத்தை எழுதிக் கடைசிச் சைக்கிளின் கழுத்தில் தொங்கவிடுவார். ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"இது என்ன?"

"இலக்கம்தான் சேர். வழமையா இருக்கிற இடத்த விடக் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு."

பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பி நின்றார். பிறகு ஏசினார், நன்றாகவே ஏசினார். வண்டி புறப்படும் நேரத்தில் மெல்லக் கிட்ட வந்து, தன் மகளின் சைக்கிள் றிம் நெளிந்து இரண்டு மாதமாக வீட்டில் கிடக்கிறதென்றார். மறுநாள் காலை பொலிஸ்காரர் வீட்டு வாசலில் எங்கள் வண்டி நின்றது. அதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இத்தனைக்கும் மனிதருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அதை அறிந்த அன்று நான் வண்டியின் படியில் இருந்துகொண்டு வயிறு நோகச் சிரித்தேன்.

"உண்மையாவா அங்கிள்?"

"ஓம் மகள். வீட்ட ஏழு பேர். அப்பாட சைக்கிள் ஒண்டு. மூத்த ஆக்கள் ஒவ்வொருத்தரா ஓடிப் பழகி, என்ட முறை வரக்குள்ள அது ரெண்டா முறிஞ்சி போயிற்று. நான் அதுக்குப் பின்னால ஓடினது மட்டும்தான்."

அவர் அதைக் கவலையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது அவர் மகளோடு அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். அங்கே ரோட்டில் சைக்கிள் தனியாக நிற்பதில்லையாம். நின்றாலும் பூட்டுப் போட்டுத்தான் நிற்குமாம். பொழுது போகவில்லை என்று என்னிடம் தொலைபேசியில் புலம்புவார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் மீன் கதையையும் பொலிஸ் கதையையும் சொல்லிச் சிரிக்கவைப்பேன். மண்டூர்க் கதையைச் சொல்வதில்லை. ஏனென்றால் அதில் நானும் இருக்கிறேன்.

அந்தப் பயணத்தில் எங்களோடு வந்தவர்கள் ஒரு ஒல்லாந்துத் தம்பதி. கணவர் வாசல் உயரம். மனைவி மருத்துவத் தாதி, அமைதியான பெண். ஒல்லாந்து என்று கேட்டதும் அங்கிளுக்கு உறவு கொண்டாட வேண்டும்போல இருந்தது.

"மகள், இவருக்குச் சொல்லுங்க. முந்நூறு வருசத்துக்கு முதல் இவங்கட கப்பல்தான் எங்கட பாட்டன இஞ்ச இறக்கி விட்டது. மறுகா ஏத்த வரவேயில்ல."

நான் சொன்னேன். அந்த மனிதர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்றார்.

முதல்நாள் இரவு மண்டூரில் தங்கினோம். அடுத்தநாள் காலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, வயல் வழியாக வெல்லாவெளிப் பக்கம் சைக்கிளில் போவதாகத் திட்டம். ஏழரைக்கு வாவியோரத்து ரோட்டால் வந்துகொண்டிருந்தோம். ஏற்கனவே அரை மணி பிந்தியிருந்தோம். இந்தப் பயணம் முடிந்ததும் முதலாளியிடம் வேறு ஓட்டுநர் கேட்பது என்று நான் அன்று காலை முடிவெடுத்திருந்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் பிரேக் விழுந்தது.

மருதமரத்தடியில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து நின்றது. பின் கரியரில் நீல நிறம் பூசிய மீன்பெட்டி. முன் டயர் சப்பையாகித் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"இது ஆர்ட எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அங்கிள். "போன மாசம் மழைக்குள்ள ஏத்தி வந்தமே, அந்தத் தம்பிட. கோயிலுக்கு அங்கால வீடு. காத்துப் போயிற்று, மனிசன் விட்டிற்று நடந்து போயிருக்கு."

எனக்கும் அந்த மீனவரை ஞாபகம் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், வழியெல்லாம் தன் மனைவியின் கோபத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர்.

"சரி, கெதியா ஏத்துங்க," என்றேன். "கோயில்ல பூசை முடியப் போகுது."

சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சோடி செருப்பு கிடந்தது. ஒன்றின் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. அறுந்த செருப்போடு நடக்க ஏலாமல் இதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். யாரும் தூக்கிப் போகாமல் இருக்கட்டும் என்று அதை எடுத்து நீலப்பெட்டிக்குள் போட்டேன். நான்தான் போட்டேன். அங்கிள் அதைப் பார்க்கவுமில்லை.

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். நாவற்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளினால் கரை. வலையோடு இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கரையில் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தண்ணீர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மீனவர் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. மனைவி வட்டைக்குப் போயிருப்பாள், வயலில் களை பிடுங்கும் காலம் அது. வாசல் கடப்பைத் திறந்து சைக்கிளை உள்ளே வேலியோடு சாய்த்து வைத்தோம். தம்பதியரும் நானும் கோயிலுக்குப் போய் வந்தபோது அங்கிள் அந்த வாசலிலேயே குந்தியிருந்து டியூப்பைக் கழற்றி, ஒட்டி, காற்றும் அடித்து முடித்திருந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"தம்பி வந்து பாத்து அதிசயப்படப் போறார்," என்றார்.

பின்னேரம் நாலு மணியிருக்கும், அதே வழியால் திரும்பி வந்தோம். மீனவரின் மனைவி கடப்பில் நின்றாள். அங்கிள் வண்டியை நிறுத்தி யன்னலால் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, சைக்கிளப் பாத்தீங்களா? நான்தான் ஒட்டி வச்சன்."

"ஓ, நீங்களா ஒட்டின? நல்ல வேல பாத்தீங்க. இந்த மனிசன் சைக்கிள வச்சிற்று எங்க துலஞ்சிதெண்டு தெரியா. நான் பகல் வந்து சோறாக்கி வச்சி, அது ஆறிக் காஞ்சி போச்சி. நடந்து போயிருக்கு குடிக்க. வரட்டும் இண்டைக்கு."

"காலம அவர் வீட்ட வரல்லியா?" என்று கேட்டார் அங்கிள்.

"வராம? சைக்கிள் நிக்குதே. செருப்பும் பெட்டிக்குள்ள கிடக்கே."

அங்கிள் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியவர் கடப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, சைக்கிள நான்தான் கொண்டந்து வச்சன். மருதமரத்தடியில நிண்டது."

"எப்ப?"

"ஏழரைக்கு."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"ஐயோ என்ட கடவுளே. தண்ணிக்க நிண்ட மனிசன்ட சைக்கிளையா தூக்கி வந்தீங்க?"

பிறகு அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நேரே வந்து வண்டிக்குள் ஏறி இருந்துவிட்டாள். அங்கிள் ஓடிப்போய் அந்தச் சைக்கிளைத் தூக்கித் தாங்கியில் போட்டு ஒரே ஒரு பட்டியால் கட்டினார். அவர் ஒரு பட்டியோடு வண்டியை எடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மருதமரத்தடியில் இரண்டு பேர் பின்னேர வலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவர் விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"காலம கடைசியா ஏறினது நான்தான் ஐயா. நான் சைக்கிள் இல்லாம நடந்து வாற ஆள். வரக்குள்ள அவன்ட சைக்கிள் இந்த மரத்தடியில நிண்டது. போகக்குள்ள பாத்தன், இல்ல. செருப்பும் இல்ல. போயிற்றான் எண்டு நானும் போயிற்றன். சைக்கிள் நிண்டிருந்தா விட்டிற்றுப் போவனா?"

அந்தக் கரையில் அதுதான் முறை. தோணி இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வலை வீசுகிறவர்களுக்கு வேறு அடையாளம் ஏது? கடைசியாகக் கரையேறுகிறவர் மரத்தடியைப் பார்ப்பார். ஒரு சைக்கிள் மிச்சமிருந்தால் ஒரு ஆள் மிச்சம். கூப்பிடுவார், பதில் வராவிட்டால் திரும்பவும் இறங்குவார். நாங்கள் அந்த அடையாளத்தை அழகாகக் கழற்றி, ஒட்டி, காற்றடித்து, வேலியில் சாத்திவிட்டு, கோயிலுக்குப் போய்த் திருநீறும் பூசிக்கொண்டு வந்திருக்கிறோம்.

இரண்டு தோணி கொண்டுவந்தார்கள். ஒன்றில் மூத்தவரும் ஒல்லாந்துக்காரரும் ஏறினார்கள். மற்றதில் இளையவர் ஏறியதும் அங்கிள் பின்னாலேயே காலை வைத்தார். தோணி ஒருபக்கம் சரிந்தது.

"ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியா. தள்ளுங்க."

அயன் மடிப்புக் கால்சட்டையோடு தோணிக்குள் முழங்காலில் குந்தி, இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போனார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பறங்கியர் வீட்டுப் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார், செபமாகத்தான் இருக்கும்.

கரையில் நாங்கள் மூன்று பெண்கள். ஒல்லாந்துக்காரி அந்த மனைவியின் தோளில் கை வைத்தபடி நின்றாள். மனைவி தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கண்டல் பத்தப் பக்கம் முதலை கிடக்கிறதெண்டு போன கிழமயும் சொன்னவர்..."

"அக்கா, அப்படி ஒண்டுமில்ல. சும்மா இருங்க."

"பகல் முழுக்க அவர ஏசினன் புள்ள. குடிகாரன் எண்டு பக்கத்து வீட்டுக்கும் கேக்க ஏசினன். அவர் மாசியில இருந்து குடிக்கிறதே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கு என்ன உரிமை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். செருப்பை எடுத்தது நான் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாளோ என்னவோ, திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"சைக்கிள இறக்கு புள்ள. எடுத்த இடத்திலயே நிப்பாட்டு. அவர் எங்க நிண்டு பாத்தாலும் தெரியணும்."

நான் ஓடிப்போய் இறக்கினேன். மரத்தோடு சாய்த்தேன். பெட்டிக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக் காலையில் கிடந்த மாதிரியே வைத்தேன், அறுந்தது இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். வைத்துவிட்டுக் கும்பிட்டேன். முருகனைத்தானா, சைக்கிளைத்தானா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. தோணி இரண்டும் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் பற்றைகளுக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தன. கூப்பிடும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அரை மணி நேரம் ஒன்றுமேயில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணியை நான் கண்டதில்லை. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

முதலில் தெரிந்தது ஒல்லாந்துக்காரரின் தலை. அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். தோணி கவிழப் பார்த்தது, மூத்தவர் ஏதோ சத்தம் போட, உட்கார்ந்தார். பின்னால் அடுத்த தோணி. அதில் மூன்று பேர் இருந்தார்கள்.

"இருக்கார்!" என்று நான் கத்தினேன். "அக்கா, இருக்கார்! இருந்துகொண்டு வாறார் பாருங்க!"

அவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

காலை எட்டு மணிக்கே நடந்திருக்கிறது. தண்ணீருக்குள் மறைந்திருந்த முறிந்த கம்பு ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. கால் ஊன்ற முடியவில்லை. தவழ்ந்து ஒரு கண்டல் பற்றையில் ஏறி, வேரில் உட்கார்ந்து, வலையைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் ஒன்பது மணி நேரம் இருந்திருக்கிறார். பயந்தீர்களா என்று பிறகு கேட்டேன். இல்லையாம். சைக்கிள் நிற்கிறது, எப்படியும் வருவார்கள் என்று இருந்தாராம். பகல் கடந்த பிறகுதான் கொஞ்சம் கோபம் வந்ததாம்.

அந்தக் கோபத்தோடுதான் கரைக்கு வந்தார். தோணி தரை தட்டியதும் அவர் கண் மருதமரத்துக்குப் போனது. நான் நிறுத்தி வைத்த சைக்கிளைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு மூத்தவரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அந்தா நிக்குது! வச்ச இடத்திலயே நிக்குது! பாத்திற்றும் போனீங்களாண்ணே? ஒரு மனிசனுக்கும் கண் தெரியல்லியா? இனி நானும் ஒருத்தனுக்கும் நிக்க மாட்டன்."

மூத்தவர் அங்கிளையும் காட்டிக்கொடுக்கவில்லை, தன்னையும் காப்பாற்றவில்லை, துடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளையவர் தொண்டையைச் செருமினார். அந்த இடத்தில் எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் மீனவருக்கு ஒன்றும் தெரிய வந்திராது. எனக்கு அந்த எண்ணம் ஒரு கணம் வந்தது, மறைக்கவில்லை.

அங்கிள் தோணியிலிருந்து இறங்கினார். முழங்காலளவு தண்ணீர்.

"தம்பி, அண்ணாவ ஏசாதீங்க. சைக்கிள் இஞ்ச நிக்கல்ல. காலம நான்தான் ஏத்திற்றுப் போனன். இப்பதான் கொண்டந்து வச்சது. பிழை என்ட."

"செருப்பு என்ட பிழை," என்றேன் நான். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை, திரும்பவும் சத்தமாகச் சொன்னேன்.

மீனவர் அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்தாலும் சரியென்றுதான் நினைத்தேன்.

"ஏன் ஏத்தின நீங்க?"

"காத்துப் போயிருந்தது. ஒட்டித் தரலாமெண்டு."

"ஒட்டினீங்களா?"

"ஓம்."

"எத்தின ஓட்ட?"

"ரெண்டு."

மீனவர் திரும்பிச் சைக்கிளின் முன் டயரைப் பார்த்தார்.

"ரெண்டா? நான் ஒண்டெண்டுதான் நினைச்சன்."

முதலில் சிரித்தது மூத்தவர். பிறகு இளையவர். மனைவி தண்ணீருக்குள் இறங்கிப்போய்ப் புருசனின் தோளில் இரண்டு அடி வைத்தாள், வைத்த கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளுக்கும் சேர்த்துச் சிரித்தார். அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த கால்சட்டையோடு நின்று, சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ஒல்லாந்துக்காரி காயத்தைக் கழுவிக் கட்டினாள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தைக்க வேண்டிவரும் என்றாள். மீனவரைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குள் கட்டிலில் படுக்கவைத்தோம். வெள்ளைத் துணி விரித்த அந்தக் கட்டிலில் சேற்றோடு படுக்க அவர் கூச்சப்பட்டார். மனைவி தலைமாட்டில் இருந்தாள். எல்லாம் சரி, போகலாம் என்று நான் முன்னால் ஏறப் போனேன். பார்த்தால் அங்கிளைக் காணவில்லை.

மருதமரத்தடியில் நின்றார். நின்றவரின் கை தன்பாட்டில் சைக்கிளின் இருக்கைக்கடியில் போய்விட்டது. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியும் விட்டது.

"வேணாம்!" என்று நாங்கள் எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினோம். மூத்தவர் கத்தினார், இளையவர் கத்தினார், நான் கத்தினேன், தமிழே தெரியாத ஒல்லாந்துக்காரரும் கத்தினார்.

அங்கிள் நெருப்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். சைக்கிள் மரத்தில் இடித்து நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நோக்கி வந்தார். அந்த மனிதர் அப்படி வெறுங்கையோடு நடந்துவந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

கட்டிலிலிருந்த மீனவர் யன்னல் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன சத்தம்? ஏத்துங்க ஐயா அத," என்றார். "ஆள் நான் இஞ்ச இருக்கன்தானே."